ஐஸ் பாரை இறக்கி வைக்கும்வரை

"மருந்தே இல்லாத ஊசியாம்" என்று நான் சொன்னதும் என் மனைவி மடித்துக்கொண்டிருந்த வேட்டியைக் கீழே வைத்தாள்.

"மருந்து இல்லாம வெறும் ஊசியக் குத்திக்கிறதுக்கு எதுக்குங்க புதுக்கோட்டை வரைக்கும் பஸ் ஏறணும்? இங்கிட்டே உக்காருங்க, நான் குத்தி விடுறேன். தையல் ஊசி கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி உள்ளே உடைந்துவிட்டால் அது ரத்தத்தோடு போய் நெஞ்சில் நிற்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குக் கண் சொருகுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவேன். காஸ் அடுப்பை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன். எட்டாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதற்குப் படிப்பு தேவைப்படவில்லை.

ஜெகதாப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் தரும் ஒரு ஐஸ் பிளான்டில் வேலை. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கேன் கேனாகத் தண்ணீரை இறக்கி வைத்திருப்பார்கள். அது உறைந்ததும் தூக்கிச் சாய்த்தால் ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தப் பாரை இரண்டு பேர் ஆளுக்கொரு கொக்கி போட்டு இழுத்து, உடைக்கிற மிஷினின் வாய்க்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். மிஷினின் வாய் நெஞ்சுக்கு மேலே இருக்கும். போன வருஷக் கடைசியில் அப்படித் தூக்கும்போது வலது தோளுக்குள் ஏதோ பிசகியது. அதற்குப் பிறகு கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே ஏறவில்லை. சட்டை போடும்போது மனைவி கையைப் பிடித்து நுழைத்துவிடுவாள். நான் பக்கவாட்டில் நின்று தள்ளுகிற வேலையைச் செய்துகொண்டு சமாளித்தேன். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையில் நின்றன. பிளான்டைப் பாதி நிறுத்தினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை.

"தடைக்காலம் முடியிறதுக்குள்ள கையச் சரி பண்ணிட்டு வா. கை தூக்கலன்னா கொக்கிக்கு வேற ஆளத்தான் பாக்கணும். கோச்சுக்காத."

"சரிங்க" என்றேன். கொக்கி வேலை போனால் எனக்கு வேறு என்ன தெரியும் என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படித்தான் அறந்தாங்கியில் அந்தப் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்தவர் சின்ன வயதுப் பெண். நான் டாக்டரம்மா என்று கூப்பிட்டேன். "டாக்டர் இல்லண்ணே, பிசியோ" என்று ஒவ்வொரு தடவையும் திருத்தினார். நானும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிவிட்டு டாக்டரம்மா என்றே கூப்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்து நாலு பக்கமும் சுழற்றிப் பார்த்தார். தோள் எலும்புக்கு அடியில், விலா எலும்புக்கும் அதற்கும் நடுவில், ஒரு தசை இருக்கிறதாம். அது இறுகிப்போய்க் கையை மேலே விடாமல் பிடித்து வைத்திருக்கிறதாம். வெளியிலிருந்து அமுக்கினால் எட்டாது. அக்குள் வழியாக மெல்லிய ஊசியை விட்டு அந்தத் தசையைத் தொட்டால், அது ஒரு துடிப்புத் துடித்து இளகும். ஊசியில் மருந்து கிடையாது. குத்துவதுதான் மருந்து.

"ஆனா அந்த எடத்துல குத்த எனக்கு இன்னும் அனுமதி இல்லண்ணே. முதுகு, கழுத்து, தொடை இதுக்கெல்லாம் மொதல் பயிற்சி முடிச்சிட்டேன். இது ரெண்டாவது. புதுக்கோட்டையில மூணு நாள் நடக்குது. கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு சார் வந்து சொல்லித் தர்றார். மூணாவது நாள் பரீட்ச. அவங்கவங்க பேஷண்ட்டக் கூட்டிட்டுப் போகணும்." என் கையை விட்டுவிட்டுக் கேட்டார். "நீங்க வர்றீங்களாண்ணே?"

என் கையை வைத்து அவர் பரீட்சை எழுதப்போகிறார் என்பது புரிந்தது. வேறு யாரும் அந்த இடத்தில் குத்தமாட்டார்கள் என்பதும் புரிந்தது. வாரேன் என்றேன்.

புதுக்கோட்டையில் ஒரு லாட்ஜின் மாடியில் கல்யாணத்துக்கு விடுகிற ஹாலில் பயிற்சி நடந்தது. மேடையில் யாருக்கோ கட்டிய காகிதப் பூ இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டில் போல மடக்கு மேஜைகள் வரிசையாகக் கிடந்தன. இருபது பிசியோக்கள் இருக்கலாம். எலும்பு முறிந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் பாதி, விளையாட்டு வீரர்களுக்குப் பார்க்கிறவர்கள் பாதி. ஒவ்வொருவர் பக்கத்திலும் என்னைப் போல ஓர் ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்து. எல்லாம் இங்கிலீஷ். டாக்டரம்மா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். ரத்தக் கட்டு வரலாம். மயக்கம் வரலாம். நரம்பில் படலாம். நுரையீரலுக்கு வெளியே காற்று புகுந்து மூச்சுத் திணறலாம், ஆனால் அது மிக அரிது.

"அரிதுன்னா?"

"நடக்கவே நடக்காதுண்ணே, பெரும்பாலும்."

அரிது என்றால் யாரோ ஒருவருக்கு நடந்திருக்கிறது என்றுதானே பொருள். அந்த ஒருவரை நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பேனா பிடித்த கை ஆடவே இல்லை. எனக்குப் பயம் ஓர் அளவுக்கு மேல் போனால் கை நடுங்குவதெல்லாம் நின்றுவிடும். உள்ளே எல்லாம் பேசாமல் ஆகிவிடும். அந்த நேரத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் தைரியசாலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

கோயம்புத்தூர் சார் மேஜை மேஜையாக வந்து எங்களைப் போன்றவர்களிடமும் பேசினார். நிதானமான ஆள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. உள்ள கனமா, கடுகடுன்னு வலிச்சா அது சரியான எடம். வெடுக்குன்னு துடிச்சா அதுவும் சரி. ஆனா கரண்ட் அடிச்ச மாதிரி விரலு வரைக்கும் ஓடுச்சுன்னா, அந்த நிமிசமே சொல்லிரணுங்க. அது நரம்பு. சொன்னாத்தான் ஊசிய எடுப்பாங்க. புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க."

எனக்குப் புரியாமல் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். படிக்காதவன், சொன்னது புரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பக்கத்து மேஜையில் ஒரு கபடி வீரர். கீரனூர்ப் பக்கத்து ஆள், நல்ல உயரம், தொடை ஒவ்வொன்றும் தென்னை மரத்துத் தூர் போல இருக்கும். கெண்டைக்காலில் நாலு ஊசி குத்தி, அதில் ஒயர் மாட்டி ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்திருந்தார்கள். பெட்டியைத் திருகத் திருக அவர் கால் விரல்கள் தாமாக ஆடின. ஒவ்வொரு ஊசிக்கும் அவர் போட்ட சத்தம் ஹாலை நிறைத்தது.

"ஆத்தாடி! எடுங்க சார், எடுங்க! அய்யோ, உசுரு போகுது!"

அவருடைய பிசியோ உடனே கையை எடுத்துவிட்டு, ஊசியை வெளியே இழுத்து, வேறு பக்கம் சாய்த்துக் குத்துவார். இவர் மறுபடியும் கத்துவார். நான் அவரையே பார்ப்பதைக் கண்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"என்னண்ணே அப்புடிப் பாக்குறீங்க? ரைடு போயி ஏழு பேரு அமுக்குனாலும் சத்தம் போட மாட்டேன். இது வேறண்ணே. நீங்க எந்த ஊரு?"

"ஜெகதாப்பட்டினம். ஐஸ் பிளான்ட்டு."

"அப்ப ஒங்களுக்கு ஒடம்பே மரத்துப் போயிருக்கும். ஒங்கள வச்சுப் பாஸ் பண்றது ஈசி. எனக்கு வந்தவருதான் பாவம்."

அவருடைய பிசியோ சிரித்தார். எனக்கு அந்த ஆளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இப்படியா கத்துவது என்று.

காரணம் இல்லாமல் அப்படி நினைக்கவில்லை. ஐஸ் பிளான்டில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். இரண்டு பேர் ஒரு பாரைத் தூக்கியிருக்கும்போது யாரும் சத்தம் போடக் கூடாது. கொக்கி கையைக் கிழித்தாலும் சரி, காலில் ஆணி ஏறினாலும் சரி. ஒருவன் கத்தினால் எதிரே இருப்பவன் பாரை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பான். பார்த்தால் பிடி நழுவும். நழுவினால் பார் யார் காலிலோ விழும். ஆகவே இறக்கி வைக்கும்வரை வாயைத் திறக்காதே. இறக்கி வைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்து.

இந்த வழக்கத்தை மீறித்தான் நான் அதைக் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கொக்கி நழுவி என் உள்ளங்கையில் ஏறியது. "ஆ" என்று கத்திவிட்டேன். எதிரே இருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார் அவருடைய இடது காலில் விழுந்தது. இரண்டு விரல்கள் நசுங்கின. அவர் இன்றைக்கும் பிளான்டின் கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். செருப்பின் முன்பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் போட்டுக்கொள்வார். ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் தினமும் கேட்டைத் தாண்டும்போது அந்தச் செருப்பைப் பார்ப்பேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு மூடிய வாய்.

டாக்டரம்மாவின் முறை வந்தது. என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைப் பக்கவாட்டில் விரித்து, தன்னுடைய இடது கையை என் முதுகுக்கு அடியில் விட்டுத் தோள் எலும்பை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூர் சார் அட்டையும் பேனாவுமாகத் தலைமாட்டில் நின்றார். வேறு சில பிசியோக்களும் சுற்றி நின்றார்கள்.

"உள்ள வர்றேண்ணே" என்றார் டாக்டரம்மா.

முதல் ஊசி குத்தியதே தெரியவில்லை. பிறகு உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு கனம். பல் வலி தோளுக்குள் வந்தது போல. திடீரென்று தசை வெடுக்கென்று துள்ளியது. "துடிச்சது, துடிச்சது" என்று யாரோ சொன்னார்கள். சார் எழுதிக்கொண்டார். ஊசி வெளியே வந்தது.

"இன்னொரு பாயிண்ட். கொஞ்சம் மேல" என்றார் சார்.

இரண்டாவது ஊசி உள்ளே போனது. அக்குளிலிருந்து கையின் உள்பக்கமாக, முழங்கை வழியாக, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் ஒரு மின்னல் ஓடியது. கரண்ட். சார் சொன்ன அதே கரண்ட்.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கண் எல்லாம் தன் விரல் நுனியில் இருந்தது. ஊசி நுனிக்கும் என் நுரையீரலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவர் தூக்கியிருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. பாரைத் தூக்கியிருக்கிறார். இப்போது நான் கத்தினால் என் முகத்தைப் பார்ப்பார். பார்த்தால் கை ஆடும்.

"ஷாக் மாதிரி இருக்காண்ணே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுத்து மறுபடி உள்ளே விட்டார். அப்படித்தான் செய்ய வேண்டுமாம். மறுபடியும் அந்த மின்னல். மூன்றாவது தடவை. நாலாவது. அதன் பிறகு மேலே மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் வளைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேறு யாருடைய கையோ என்பது போல இருந்தது.

ஊசி வெளியே வந்தது. டாக்டரம்மா பஞ்சை வைத்து அமுக்கினார். இறக்கி வைத்தாயிற்று. இப்போது சொல்லலாம். வாயைத் திறந்தேன்.

"கையத் தூக்குங்க பாப்போம்" என்றார் சார்.

தூக்கினேன். கை நெஞ்சைத் தாண்டியது. காதைத் தாண்டியது. மின்விசிறியைக் காட்டிக்கொண்டு நேராக நின்றது. சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். கபடி வீரர் விசிலடித்தார். "ரொம்ப நல்லாப் பண்ணுனீங்க" என்று சார் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு அட்டையில் பாஸுக்கு ஒரு கோடு போட்டார். டாக்டரம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார். என் வாய் மூடிக்கொண்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை தலைக்கு மேலே இருந்தது. ஆனால் மூன்று விரல்களுக்குத்தான் கம்பி தெரிந்தது. நம் கைக்கு மரத்துப்போவது புதிதா என்று சொல்லிக்கொண்டேன். ஐஸைத் தொடுகிறவனுக்குச் சாயங்காலம் ஆனால் விரல் மரக்கும், காலையில் வந்துவிடும்.

காலையில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கோடு என்ன ஆகும் என்று பயம். சொல்லாவிட்டால் கை என்ன ஆகும் என்று பயம். இரண்டு பயமும் ஒரே எடை. நடுவில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி மட்டும் தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரருக்குக் கை ஏறிருச்சு, மருந்தே இல்லாத ஊசியாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பிலிருந்து தோசைக்கல்லை இறக்கிக் கொடுக்கச் சொன்னாள். துணியால் பிடித்து இறக்கினேன். அவள் ஏதோ பேசிக்கொண்டே திரும்பியவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, விரலு கல்லுல படுது!"

பார்த்தேன். சுண்டுவிரல் துணிக்கு வெளியே கல்லின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று விரல் சொல்லவில்லை.

அவள் கத்தவில்லை, திட்டவில்லை. விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலையில வர்றோம்மா. இவருக்கு விரல்ல சொரணையே இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

கிளினிக்கில் டாக்டரம்மா பஞ்சால் தொட்டார், குண்டூசியால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு தெரியும்போது சொல்லச் சொன்னார். சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் நான் ஒன்றுமே சொல்லவில்லை.

"எப்பலேர்ந்துண்ணே?"

"அன்னைக்கிலேர்ந்துதான்."

"நான் கேட்டேன்லண்ணே? ஷாக் மாதிரி இருக்கான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"இல்லைன்னீங்களே!"

என் மனைவிதான் குறுக்கே வந்தாள். "வீட்டுல ஒரு கரப்பான்பூச்சி பறந்தா ஊரக் கூட்டுற மனுசன்மா இவரு. அங்க போயி வாயத் தச்சுக்கிட்டு வந்திருக்காரு."

அப்போது நான் பாரைப் பற்றிச் சொன்னேன். தூக்கியிருக்கும்போது கத்தக் கூடாது என்பதையும், கேட்டில் இருக்கிறவரின் செருப்பையும். இதற்கு முன்னால் அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

டாக்டரம்மா என் கையை மெல்ல மேஜையில் வைத்தார். பிறகு எங்கள் முன்னாலேயே கோயம்புத்தூர் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"அதுக்கப்புறமும் ஊசிய எத்தன தடவ உள்ள விட்டீங்க?" என்றது சாரின் குரல்.

"நாலஞ்சு தடவ சார்."

"மொகத்தப் பாக்கலியா?"

"கையத்தான் பாத்தேன் சார்."

பிறகு சார் சொன்னார். "நானும் ஒங்க கையத்தாங்க பாத்தேன்."

"அந்த சர்டிபிகேட் எனக்கு வேண்டாம் சார்."

"அது அப்புறம் பேசலாம். மொதல்ல அவர ஒரு நரம்பு டாக்டர்ட்டக் காட்டுங்க. இன்னைக்கே."

நரம்பு டாக்டர் புதுக்கோட்டையில். டாக்டரம்மாவும் கூடவே வந்தார். வெளியே பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். ஒயர் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, நரம்பு அறுபடவில்லை, அடி பட்டிருக்கிறது, தானாக வரும் என்றார்கள்.

"எத்தன நாள்ல வரும்ங்க?" என்றேன்.

"நாள் சொல்ல முடியாது. வாரக் கணக்கும் ஆகலாம், மாசக் கணக்கும் ஆகலாம்."

தடைக்காலம் முடிய பன்னிரண்டு நாள் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. மனைவி அழுதாள். டாக்டரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுகள் கடலுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பிளான்டில் திருவிழாக் கூட்டம் போல இருக்கும். லாரி, மினிவேன், தள்ளுவண்டி எல்லாம் கேட்டுக்கு வெளியே நிற்கும். முதலாளி என் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். கை நேராக மேலே போனது. "அட! போ, கொக்கிய எடு" என்றார். விரலைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. கை தூக்க வேண்டும் என்றுதானே சொல்லியிருந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்குச் சோடி, கோட்டைப்பட்டினத்து ஆள், என்னைவிடச் சின்னவர். மாமா என்றுதான் கூப்பிடுவார். ஆறேழு பார் ஒழுங்காகப் போயின. தோள் எண்ணெய் போட்ட கீல் போல இருந்தது. அடுத்த பாரை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கியபோது எதேச்சையாக என் கையைப் பார்த்தேன். கொக்கியின் பிடியைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் விட்டிருந்தன. எப்போது விட்டன என்று தெரியாது. பிடி மீதி விரல்களில் மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது. எதிரே அவருடைய கால். ரப்பர் செருப்பு. வெட்டாத செருப்பு.

இறக்கி வைக்கும்வரை வாயைத் திறக்காதே. அடுத்தவர் காலில் விழுந்த பிறகா இறக்கி வைப்பது?

"மாப்ள, எறக்கு" என்றேன். கத்தவில்லை. சோறு போடச் சொல்வது போலச் சொன்னேன். "கை புடிக்கல. மெல்ல எறக்கு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாரைப் பார்த்துக்கொண்டே முழங்காலை மடக்கினார். நானும் மடக்கினேன். பார் தரையில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தார்.

"என்ன மாமா?"

விரலைக் காட்டினேன். மிஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். முதலாளி ஆபீசிலிருந்து வந்து, என்ன ஏது என்று கேட்டு, என் சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். பிறகு, "சரி, கேன்ல தண்ணி புடிக்கிற எடத்துக்குப் போ. விரலு வந்தாப் பாக்கலாம். இப்ப வேற ஆள வரச் சொல்றேன்."

கொக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு, முகம் கழுவக் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயடிக்குப் போனேன். வாட்ச்மேன் காதுக்கு அதற்குள் விஷயம் போயிருந்தது.

"என்னடா, நடுவுல வாயத் தொறந்தியாமுல்ல?"

"ஆமாண்ணே."

"கத்துனியா?"

"இல்ல. சொன்னேன்."

அவர் வெற்றிலையைத் துப்பினார். "அன்னைக்கும் அப்புடிச் சொல்லியிருந்தீன்னா ரெண்டு விரலு மிச்சம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இருபது வருஷத்தில் அதைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். முகம்தான் சிரித்தது. அடுத்த லாரி வந்தது. அவர் எழுந்து கேட்டைத் திறக்கப் போனார்.

இப்போது தண்ணீர் பிடிக்கிறேன். குழாயைத் திறப்பது, கேன் நிறைந்ததும் அடைப்பது. கொக்கிக்கு என் இடத்தில் ஆள் வந்தாயிற்று. நன்றாகத் தூக்குகிறார்.

வாரம் ஒரு தடவை அறந்தாங்கிக்குப் போகிறேன். டாக்டரம்மா எனக்கு ஊசி குத்துவதில்லை. அரிசிக்குள் கையை விட்டு உள்ளே கிடக்கும் பொத்தானைக் கண்ணைத் திறக்காமல் தேடி எடுக்கச் சொல்கிறார். சுவரில் சர்டிபிகேட் மாட்டுவதற்கென்று அடித்த ஆணி ஒன்று இருக்கிறது. அதில் இன்னும் ஒன்றும் தொங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் நான் அரிசிக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாவுக்குக் கழுத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தார். குத்துவதற்கு முன்னால் அந்த அம்மாவின் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பது திரை விளிம்பில் தெரிந்தது.

"வாயத் தொறந்து சொல்லச் சங்கடமா இருந்தாச் சொல்ல வேண்டாம்மா. ஏதாச்சும் வித்தியாசமா இருந்தா இந்தப் பந்த விட்ருங்க. நான் நிறுத்திருவேன்." பிறகு திரை வழியாக என்னிடம் சொன்னார். "ஒங்க ஐஸ் கதையக் கேட்டப்புறம் வாங்குனதுண்ணே."

கொஞ்ச நேரம் கழித்துப் பந்து தரையில் விழுந்தது. "எடுத்தாச்சும்மா, எடுத்தாச்சு" என்று உடனே டாக்டரம்மாவின் குரல். பந்து உருண்டு திரைக்கு அடியில் வந்து என் கால்மாட்டில் நின்றது. அரிசியிலிருந்து கையை எடுத்து, சுண்டுவிரலாலும் மோதிர விரலாலும் மட்டும் அதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பந்து வந்தது. வழவழப்பா, சொரசொரப்பா என்று தெரியவில்லை. அந்த அம்மாவின் கையில் இருந்த சூடு அதில் இருந்திருக்கும். அதுவும் தெரியவில்லை.

திரைக்கு அடியில் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் அரிசிக்குள் கையை விட்டேன்.